சாமந்தியைச் சொன்னீர்கள், சட்டியைச் சொல்லவில்லையே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளுக்காகத் தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் அமெரிக்கச் சிறுகதைகளை அறிமுகம் செய்துவருகிறீர்கள். ஜான் ஸ்டைன்பெக் எழுதிய 'தி கிரிஸாந்திமம்ஸ்' (சாமந்திப் பூக்கள்) கதைக்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஆனால் பக்கத்தின் நடுவே கட்டம் கட்டிப் போட்டிருந்த குறிப்பைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. 'சாமந்தி: பிறக்காத பிள்ளைகள். கம்பி வேலி: சிறை. மூடுபனி: மனச்சோர்வு. ஹென்றி: ஆணாதிக்கம். வண்டிக்காரன்: சுதந்திரம். மோதல்: ஆணுக்கும் பெண்ணுக்கும்.' தேர்வுக்கு முந்தின ராத்திரி பிள்ளைகள் இந்தக் கட்டத்தைத்தான் உருப்போடுவார்கள். கதையின் பக்கம் போக மாட்டார்கள். ஐந்து மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

நான் அரசுக் கல்லூரியில் அமெரிக்க இலக்கியத் தாள் நடத்தி ஓய்வு பெற்றவள். பிறந்து வளர்ந்ததும் இப்போது இருப்பதும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சாமந்தி போடுகிற குடும்பத்தில். அதனால் இந்தக் கதையைப் பற்றிப் பேச எனக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நம்புகிறேன்.

கதையைப் படிக்காத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் மாத ஹார்ப்பர்ஸ் இதழில் வெளிவந்தது. களம் கலிபோர்னியாவில் உள்ள சலினாஸ் பள்ளத்தாக்கு. ஸ்டைன்பெக் 1902-இல் பிறந்த ஊரே சலினாஸ்தான். டிசம்பர் மாதம். எலீசா ஆலன் என்ற முப்பத்தைந்து வயதுப் பெண், போன வருடச் சாமந்தித் தண்டுகளைக் கத்தரியால் அரிந்துகொண்டிருக்கிறாள். கணவன் ஹென்றி முப்பது காளைகளைக் கிட்டத்தட்டத் தான் கேட்ட விலைக்கே விற்றுவிட்டு வந்து, சாயங்காலம் டவுனுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்கிறான். அவன் மாடு ஓட்டிவரப் போன நேரத்தில், பாத்திரம் அடைத்து, கத்தி கத்தரி சாணை பிடிக்கிற ஒருவன் கூண்டு வண்டியில் வந்து சேர்கிறான். வேலை கேட்கிறான். இல்லை என்கிறாள். சாமந்தியைப் பற்றி அவன் விசாரித்ததும் அவள் மனம் இளகுகிறது. செடியைச் சட்டியில் வைத்துக் கொடுக்கிறாள், நசுங்கிய பாத்திரங்களைத் தேடி எடுத்து வேலையும் கொடுக்கிறாள். சாயங்காலம் கணவனோடு காரில் போகும்போது ரோட்டில் ஒரு கரும்புள்ளி தெரிகிறது. அவள் கொடுத்த செடிதான், வீசி எறியப்பட்டுக் கிடக்கிறது. சட்டியை மட்டும் அவன் வைத்துக்கொண்டான்.

இனி அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். வேலியைச் சிறை என்று எழுதியவர் கதையில் அந்த வேலி வருகிற வரியைப் படித்தாரா? மாடு, நாய், கோழி ஆகியவை தோட்டத்தில் நுழையாமல் இருக்கப் போட்ட வேலி என்று ஸ்டைன்பெக்கே எழுதியிருக்கிறார். வேலிக்கு உள்ளே இருப்பது எலீசாவின் ராஜ்ஜியம். அசுவினி இல்லை, நத்தை இல்லை, தண்டு வெட்டுகிற புழு இல்லை. தலைகாட்டும் முன்பே அவள் விரல்கள் அவற்றை நசுக்கிவிடுகின்றன. ஹென்றி வெளியே நின்று வேலியின் மேல் சாய்ந்துதான் பேசுகிறான். வண்டிக்காரனும் முதலில் அப்படித்தான் சாய்ந்து நிற்கிறான். பிறகு அவளே அவனை உள்ளே வரச் சொல்கிறாள். கதையின் திருப்பம் அங்கே இருக்கிறது. தனக்குக் காவலாக இருந்த வேலியைத் தானே திறந்துவிடுகிறாள். சிறை என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அவள் விடுதலை ஆகப்போகிறாள் என்று தோன்றும். வேலி எதற்கு என்று கவனித்த பிள்ளைக்கோ அந்த இடத்தில் பயம் வர வேண்டும்.

'பிறக்காத பிள்ளைகள்' என்ற விளக்கம் பல கைடுகளில் இருக்கிறது. அந்த வீட்டில் குழந்தை இல்லை என்பதை வைத்து ஊகித்திருக்கிறார்கள். கதையில் குழந்தையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை, ஏக்கமும் இல்லை. அதற்கு மாறாக இருப்பது அவளுடைய அம்மா. எதை மண்ணில் குத்தினாலும் முளைக்க வைக்கிற கை அம்மாவுக்கு இருந்தது, அந்தக் கைராசி தனக்கும் வந்திருக்கிறது என்கிறாள். கை தானாக வேலை செய்யும், விரல் தப்புப் பண்ணாது என்று வண்டிக்காரனிடம் மூச்சு வாங்கச் சொல்கிறாள். ஒரு பெண் தன் தொழில் திறமையைப் பற்றி இவ்வளவு பரவசமாகப் பேசும்போது, அது தாய்மை ஏக்கம்தான் என்று முடிவுகட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெண் எதை நேசித்தாலும் அதைப் பிள்ளையாக மாற்றிவிட வேண்டுமா?

எலீசா எப்படிப்பட்ட விவசாயி என்பதைப் பாருங்கள். எங்கள் பக்கம் சாமந்தி நட்ட ஒரு மாதத்தில் கொழுந்தைக் கிள்ளிவிடுவோம். கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும், கிளைக்குக் கிளை பூக்கும். மண்டியில் எடை போட்டு வாங்குகிறார்கள், எங்களுக்குப் பூ நிறைய வேண்டும். எலீசாவும் ஜூலையில் செடியை எட்டு அங்குலத்துக்கு வெட்டிவிடச் சொல்கிறாள். ஆனால் செப்டம்பர் கடைசியில் மொட்டு வந்ததும் அவள் வழி வேறாகிறது. வேண்டாத மொட்டுகளை ஒடித்துவிட்டு, நிறுத்திய மொட்டுக்குச் சத்து முழுவதையும் ஓடவிடுகிறாள். அந்த வருடம் மஞ்சள் சாமந்தி பத்து அங்குல அகலம் பூத்ததாம். பத்து அங்குலம் என்றால் சாப்பாட்டுத் தட்டு அளவு. மலர்க் கண்காட்சிக்கு வளர்ப்பவர்கள் செய்கிற வேலை இது. ஆனால் எலீசாவுக்குக் கண்காட்சியும் இல்லை, மண்டியும் இல்லை. அந்தப் பூவைப் பார்க்க அந்தப் பள்ளத்தாக்கில் ஹென்றியைத் தவிர ஆளே இல்லை. அந்த ஹென்றியும் என்ன சொல்கிறான்? தோட்டத்தில் இந்த அளவுக்கு ஆப்பிள் விளைவித்தால் நன்றாக இருக்குமே என்கிறான்.

இந்தக் கதையின் மோதலை நான் இங்கேதான் பார்க்கிறேன். அந்த ஒரு நாளில் நடக்கிற வியாபாரங்களைக் கவனியுங்கள். முப்பது காளைக்கு விலை கிடைக்கிறது. இரண்டு அலுமினியப் பாத்திரத்தின் நசுங்கல் எடுத்ததற்கு அரை டாலர் கிடைக்கிறது. வெறும் சட்டிக்குக்கூட ஒரு மதிப்பு இருக்கிறது. அது இல்லாவிட்டால் வண்டிக்காரன் அதை வைத்துக்கொண்டிருக்க மாட்டான். விலையே இல்லாதது எலீசாவின் கைவேலை ஒன்றுதான். அவள் வாழ்க்கையில் மிகச் சிறப்பாகச் செய்கிற காரியத்தை வாங்குவதற்கு ஆள் இல்லை. 'ஆணுக்கும் பெண்ணுக்கும்' என்று சொன்னால் தப்பு என்று நான் சொல்லவில்லை. அது மேலோட்டம். அந்தப் பதிலை எழுதிவிட்டால் இவ்வளவும் கண்ணில் படாமல் போய்விடும்.

வண்டிக்காரனைச் சுதந்திரம் என்று எழுதியிருக்கிறீர்கள். எலீசா அவனை அப்படிப் பார்க்கிறாள், உண்மை. வருடாவருடம் சியாட்டிலிலிருந்து சான் டியாகோவுக்குப் போய்த் திரும்புகிறவன், நல்ல வெயிலைத் தொடர்ந்தே பயணம் செய்கிறவன், இரவில் வண்டியிலேயே படுக்கிறவன். பெண்களும் அப்படி வாழ முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று வாய்விட்டே சொல்கிறாள். ஆனால் ஆசிரியர் அவனை எப்படிப் பார்க்கிறார்? ஒரு கிழக் குதிரையையும் ஒரு சின்னக் கழுதையையும் பூட்டிய வண்டி. எழுத்துப்பிழையோடு பெயிண்ட் அடித்த விளம்பரம். இன்று வேலை கிடைக்காவிட்டால் ராத்திரிச் சாப்பாடு இருக்காது என்கிறான். 1930-களின் அமெரிக்கா, பஞ்சம் பிழைக்க லட்சக்கணக்கானவர்கள் ரோட்டில் அலைந்த காலம். பசியோடு அலைகிறவனின் பாட்டைச் சுதந்திரம் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா?

வகுப்பில் இந்தக் கதையை நடத்தியபோது எல்லாப் பெண்களும் வண்டிக்காரனைத் திட்டினார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்து, "மேடம், அந்தச் சட்டி புதுசா? அதை வித்தா அவருக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவளுடைய அப்பா தெருத்தெருவாகச் சைக்கிளில் சாணை பிடிக்கிறவர். அந்தக் கதையைப் பற்றி என் வகுப்பில் எழுந்த கேள்விகளில் அதுதான் சிறந்தது. சட்டி புதுசுதான். பளிச்சென்ற புதுச் சிவப்புச் சட்டி என்றே ஸ்டைன்பெக் எழுதியிருக்கிறார். வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவருகிறாள், மண்டியிட்டு உட்கார்ந்து வெறும் கையால் மண்ணைத் தோண்டி நிரப்புகிறாள். இருப்பதில் நல்லதைக் கொடுத்தாள், அதனாலேயே செடியைத் தூக்கி எறிந்தான். விரிசல் விட்ட பழைய டப்பாவில் கொடுத்திருந்தால் ஒருவேளை செடி அவனோடு இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கும்.

இந்த வண்டிக்காரன் சாதாரண ஆள் இல்லை. அந்தக் கதையிலேயே மனிதர்களைப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். வேலை இல்லை, வேலை இல்லை என்று அவள் முகம் இறுகிக்கொண்டே போகிறது. அவன் கண் தரையைத் துழாவுகிறது, பூப்பாத்தி தெரிகிறது, "அது என்ன செடிம்மா?" என்கிறான். அவ்வளவுதான். கிரிஸாந்திமம் என்றதும், நீளத் தண்டு வைத்து, குப்பென்று கிளம்பின கலர்ப் புகை மாதிரி இருக்குமே அந்தப் பூவா என்று கேட்கிறான். அந்தக் கதை முழுக்கத் தேடினாலும் சாமந்திக்கு இதைவிட அழகான வர்ணனை கிடையாது. கணவன் அங்குலத்தில் அளந்த பூவை ஏமாற்ற வந்தவன் கவிதையாகச் சொல்கிறான். பழகும் வரை அதன் வாசனை குமட்டும் என்கிறான். இல்லை, அது நல்ல கசப்பு வாசனை என்று அவள் சொன்னதும், எனக்கும் அந்த வாசனை பிடிக்கும் என்று உடனே மாற்றிக்கொள்கிறான். சாமந்தி பறித்த கையை எத்தனை தரம் கழுவினாலும் அந்தக் கசப்பு போகாது. அதை நல்ல வாசனை என்று சொல்கிறவள் எத்தனை வருடம் அந்தச் செடியோடு இருந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்து ஒரு பொய்யைச் சொல்கிறான். ரோட்டில் கொஞ்ச தூரத்தில் ஒரு அம்மா இருக்கிறார், அவருடைய துணி துவைக்கிற தொட்டிக்கு ஒட்டுப்போட்டுக் கொடுத்தபோது, சாமந்தி விதை கிடைத்தால் வாங்கிவரச் சொன்னார் என்கிறான். விதை! விதையிலும் வரும், ஆனால் பக்கத்தில் வெடிக்கிற கன்றைப் பெயர்த்து வைப்பதுதான் சுலபம் என்று எலீசா திருத்துகிறாள். அந்த அம்மாவுக்குச் சாமந்தியைப் பற்றி அதிகம் தெரியாதுபோல என்கிறாள். அவன் கதைவிட்டதில் இருந்த ஓட்டை அவள் கண்ணில் பட்டுவிட்டது. ஆனால் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க ஒரு வாய்ப்பு கிடைத்ததே என்ற சந்தோஷத்தில் அது ஓட்டை என்று அவளுக்குத் தோன்றவில்லை. திறமை இருந்தும் கேட்க ஆள் இல்லாமல் வருடக்கணக்காக இருந்தவளின் குணம் இது. குணச்சித்திரம் என்றால் 'விரக்தி அடைந்த பெண்' என்று ஒட்டுகிற லேபிள் இல்லை. இப்படி ஒரு வாக்கியத்தில் ஆள் முழுதாகத் தெரிவது.

அவன் புறப்படுகிற இடத்தைப் பிள்ளைகளை நிறுத்தி வைத்துப் படிக்கச் சொல்வேன். மணல் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பின்னாலிருந்து சொல்கிறாள். "மணலா? எந்த மணல்?" என்று விழிக்கிறான். ஒரு நொடி கழித்து, "ஓ, அந்தச் சாமந்திக்கா, சரி சரி" என்கிறான். அவன் மனதிலிருந்து செடி அப்போதே போய்விட்டது. வாசகருக்கு அது கேட்கிறது. எலீசாவுக்குக் கேட்கவில்லை. வண்டி போகிற திசையைப் பார்த்து, அங்கே ஒரு வெளிச்சம் இருக்கிறது என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். ஏமாற்றம் ரோட்டில் கரும்புள்ளியாகத் தெரிவதற்கு வெகு முன்பே இங்கே நடந்துவிட்டது. எத்தனை முறை நடத்தினாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இப்போது சட்டிக்கு வருகிறேன். கதையின் முதல் பத்தியில் மூடுபனி மலைகளின் மேல் மூடிபோல் கவிந்து அந்தப் பள்ளத்தாக்கையே மூடிய சட்டியாக்கிவிட்டது என்று வருகிறது. தாங்கள் மூடுபனியை மட்டும் எடுத்துக்கொண்டு மனச்சோர்வு என்று எழுதிவிட்டீர்கள். சட்டியை விட்டுவிட்டீர்கள். எலீசா வாழ்வது ஒரு சட்டிக்குள். வருகிறவன் பிழைப்பே சட்டியில்தான். நானும் நசுங்கின சட்டியை நிமிர்த்துவேன், கத்தரிக்குச் சாணை பிடிப்பேன், ஒரு பெண் என்ன செய்ய முடியும் என்று காட்டுவேன், ஒருநாள் உனக்குப் போட்டியாக வந்தாலும் வருவேன் என்று அவனிடம் சவால் விடுகிறாள். பெண்ணுக்கு அது தனிமையான, பயமான பிழைப்பு என்று அவன் சொல்லிவிடுகிறான். கடைசியில் அவள் உயிரை ஊற்றி வைத்ததைக் கொட்டிவிட்டுச் சட்டியோடு போய்விடுகிறான். இந்தச் சட்டி இதற்கு அடையாளம், அந்தச் சட்டி அதற்கு அடையாளம் என்று அட்டவணை போட முடியாது. ஆனால் ஒரு சட்டியிலிருந்து அடுத்த சட்டிக்கு வரிசையாகப் போனால் கதை தானே பேசும். ஸ்டைன்பெக் பொருளைப் பொருளாகவே வைத்துவிட்டு, யார் அதை எப்படித் தொடுகிறார்கள் என்று மட்டும் காட்டுகிறார். அர்த்தம் அந்தத் தொடுகையிலிருந்து வருகிறது.

ஹென்றியைப் பற்றியும் நியாயமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆணாதிக்கம் என்று ஒரே சொல்லில் அவனை முடித்துவிட்டீர்கள். அவன் அதட்டுவதில்லை, தடுப்பதில்லை. குளித்து உடுத்திப் பொட்டு மையெல்லாம் இட்டுக்கொண்டது போல் ஜோடித்து வந்து நிற்கிற மனைவியைப் பார்த்து அசந்துபோகிறான். அழகாக இருக்கிறாய் என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ஒரு கன்றுக்குட்டியை முழங்காலில் வைத்து உடைக்கிற அளவுக்குப் பலமாகவும், அதைத் தர்ப்பூசணி போலத் தின்கிற அளவுக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறாய் என்கிறான். பாவம், மாட்டுக்காரனுக்குத் தெரிந்த பாஷை அதுதான். இவன் கெட்டவனாக இருந்திருந்தால் கதை சுலபமாகப் போயிருக்கும். நல்லவன், பக்கத்திலேயே இருக்கிறான், ஆனாலும் எட்டவில்லை. காரில் போகும்போது அவள் செடி கிடந்ததைச் சொல்லவே இல்லை. சாப்பாட்டோடு ஒயின் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறாள். குத்துச்சண்டையில் ஆண்கள் ஒருவரை ஒருவர் ரொம்பக் காயப்படுத்திக்கொள்வார்களா, பெண்கள் பார்க்கப் போவார்களா என்று விசாரிக்கிறாள். அழைத்துப்போகட்டுமா என்று அவன் கேட்டதும் வேண்டாம், ஒயினே போதும் என்று கோட்டுக் காலரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறாள்.

அடுத்து கேட் ஷோப்பனின் 'ஒரு மணி நேரத்தின் கதை', ஷெர்லி ஜாக்சனின் 'தி லாட்டரி' இரண்டும் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். 1894-இல் வெளிவந்த ஷோப்பனின் கதையில் திறந்த ஜன்னலைச் 'சுதந்திரம்' என்று தயவுசெய்து கட்டம் கட்டிவிடாதீர்கள். அந்த ஜன்னல் வழியாக என்ன வருகிறது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மழை வாசனை, தெருவில் கூவி விற்கிறவன் குரல், தூரத்தில் யாரோ பாடுவது, குருவிச் சத்தம். கணவன் இறந்துவிட்டான் என்ற செய்தி வந்த வேளையில் இவை கதாநாயகியிடம் வந்து சேர்கின்றன. அவனும் அவளை அன்போடு மட்டுமே பார்த்தவன் என்று ஷோப்பன் தெளிவாகவே எழுதியிருக்கிறார். ஹென்றியையும் அவனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

'தி லாட்டரி' கதையில் ஓர் ஊரார் வருடாவருடம் குலுக்கல் போட்டு, சீட்டு விழுந்தவரைக் கல்லால் அடித்துக் கொல்கிறார்கள். சீட்டுகளைப் போடுகிற கறுப்புப் பெட்டியை 'மரணம்' என்று எழுதுவதற்கு முன்பு, வருடம் முழுக்க அந்தப் பெட்டி எங்கே கிடக்கிறது என்று கேட்க வேண்டும். ஒரு வருடம் ஒருவர் வீட்டுக் களஞ்சியத்தில், ஒரு வருடம் தபால் நிலையத்தில் கால் இடறும் இடத்தில், சில சமயம் மளிகைக்கடை அலமாரியில். மளிகைச் சாமானோடு சாமானாக அது கிடப்பதுதான் குலை நடுங்க வைக்கிறது. அதேபோல டெஸ்ஸி ஹட்சின்சனைப் 'பலியாடு' என்று எழுதி முடித்துவிடாதீர்கள். பாத்திரத்தைக் கழுவாமல் விட்டுவிட்டு வர முடியுமா என்று சிரித்துக்கொண்டே தாமதமாக வந்து சேர்கிறவள் அவள். குலுக்கலில் தன் குடும்பம் சிக்கியதும், கட்டிக்கொடுத்த மகளையும் மருமகனையும் கூட அதில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறாள். நியாயமில்லை என்று கத்துகிறவள் கேட்ட முதல் காரியம் அது! 1948 ஜூனில் நியூயார்க்கர் இதழில் இந்தக் கதை வெளியானபோது வாசகர் கடிதங்கள் முந்நூறுக்கு மேல் வந்து குவிந்ததாக ஜாக்சனே சொல்லியிருக்கிறார். இப்படிக் குலுக்கல் நடக்கிற ஊர் எது, நாங்கள் போய்ப் பார்க்க முடியுமா என்றுகூடச் சிலர் கேட்டிருந்தார்கள். அவர்கள் யாரிடமும் குறியீட்டு அட்டவணை இருக்கவில்லை. பெட்டியைப் பெட்டியாகவும் கல்லைக் கல்லாகவும் படித்ததால்தான் அவ்வளவு கலங்கிப்போனார்கள்.

எனவே ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் கதையிலிருந்து பத்து வரியைத் தமிழில் கொடுங்கள். கீழே மூன்று கேள்விகள் போதும், விடை வேண்டாம். வேலி யாரை வெளியே நிறுத்துகிறது, சட்டி யார் கைக்குப் போகிறது, மகளின் பெயரை டெஸ்ஸி ஏன் இழுக்கிறாள் என்பது போன்ற கேள்விகள். விடையைப் பிள்ளைகள் தங்களுக்கு எழுதி அனுப்பட்டும், நல்லதை மறுவாரம் போடுங்கள். வருகிற விடைகளைத் திருத்த ஆள் தேவைப்பட்டால் எனக்கு அனுப்பிவையுங்கள். சன்மானம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை,
கிருஷ்ணகிரி மாவட்டம்.